அடுத்த வருஷம் இருந்த பெட்டி

அந்தக் கம்ப்யூட்டர் பையை மேலே வைக்காதீர்கள், தம்பி. மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டி போய்ச் சேர்வதற்குள் இந்த பஸ் நாலு தடவையாவது தூக்கிப் போடும். உள்ளே டிஸ்க் இருக்கும் அல்லவா? டிஸ்க் அடி தாங்காது.

என்ன, இதில் சுற்றுகிற தட்டே கிடையாதா? சரி, காலம் அப்படி ஆகிவிட்டது. ஆறாம் வகுப்போடு நின்ற கிழவன் டிஸ்க்கைப் பற்றிப் பேசுகிறானே என்று பார்க்கிறீர்கள். பாருங்கள். என் மடியிலும் இரண்டு பை இருக்கிறது. ஒன்றில் பட்டுப் புடவை. இந்த மஞ்சள் பையில் டிஸ்க். சுற்றுகிற டிஸ்க். தொண்ணூற்றெட்டாம் வருஷத்து டிஸ்க். தூக்கிப் பாருங்கள், ஒரு வெல்லக்கட்டி கனம் இருக்கும்.

இதற்குள்ளேதான் என் மாப்பிள்ளையின் யோக்கியதை இருக்கிறது. மாப்பிள்ளை என்றால் மகளின் புருஷன் இல்லை, தங்கச்சி புருஷன். குணபாலன். நாளைக்கு விடியற்காலையில் அவருக்கு மணிவிழா. அறுபது முடிகிறது. என் தங்கச்சி ராசகனி மறுபடியும் மாலை போட்டு உட்காரப் போகிறாள். பிறந்த வீட்டுப் புடவை கட்டிக்கொண்டுதான் மேடை ஏற வேண்டும், அது எங்களில் முறை. அண்ணன் நான் ஒருவன்தான். போன வாரம் போனில் சொன்னாள்: "அண்ணே, நீ கொண்டு வந்தா அதைக் கட்டிக்கிறேன். வரலேன்னா பழசைக் கட்டிட்டு உக்காருறேன். புதுசு நான் வாங்க மாட்டேன்." அவ்வளவுதான், வைத்துவிட்டாள். இருபத்தெட்டு வருஷமாக நான் அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை.

கோபம் என்று சொல்லாதீர்கள். நியாயம்.

சிவகாசியில் நான் காலண்டர் போட்டுக்கொண்டிருந்தேன், தம்பி. தினமும் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர். நல்ல நேரம், ராகு காலம், ராசி பலன், அடியில் ஒரு பொன்மொழி. ஊரெல்லாம் கம்ப்யூட்டர் வந்ததும் நானும் ஒன்று வாங்கினேன். வாங்கியது நான். ரசீது என் பேரில். பெட்டி என் பெட்டி. அதை ஓட்டுவதற்குத்தான் மாப்பிள்ளை. அவர் பட்டப்படிப்பு, திருச்சியில் போய்ப் பயிற்சி வேறு எடுத்தவர். நான் நின்று சொல்வேன், அவர் உட்கார்ந்து செய்வார். முருகன் முகத்தில் இன்னும் கொஞ்சம் சிரிப்பு வேண்டும் என்பேன். "சிரிச்சிட்டுத்தான் இருக்கார் மச்சான்" என்பார். அப்போதே எதிர்த்துப் பேசுகிற ஆள்.

அந்தப் பெட்டியில் சி என்று ஒரு பகுதி, டி என்று ஒரு பகுதி. ஒரே டிஸ்க்தான், இரண்டாகப் பிரித்திருந்தார். சி-யில் கம்ப்யூட்டரின் சொந்தச் சரக்கு. டி-யில் எங்கள் வேலை. தொண்ணூற்றொன்பதாம் வருஷத்துக் காலண்டர் முழுவதும் அந்த டி-யில் இருந்தது. ஜனவரி ஒன்று முதல் டிசம்பர் முப்பத்தொன்று வரை. யோசித்துப் பாருங்கள், ஊருக்கெல்லாம் இன்னும் வராத வருஷம், என் கடையில் மேஜைக்குக் கீழே இருந்தது.

மாப்பிள்ளையிடம் இருந்த ஒரு நல்ல பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நான் ஒருதலையாகப் பேசுகிறேன் என்று நினைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. திங்கள் காலையில் வந்ததும், பெட்டியைத் தட்டி எழுப்புவதற்கு முன்னால், கீழே குனிந்து அதன் பக்கவாட்டை ஒரு நிமிஷம் உற்றுப் பார்ப்பார். உதடு முணுமுணுக்கும். பிறகு நிமிர்ந்து ஏதோ தட்டுவார். கும்பிடுகிறார் என்று நினைத்தேன். தொழிலுக்கு மரியாதை கொடுக்கிற ஆள் என்று அப்போது கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

"உள்ள ஒரு பேட்டரி செத்துட்டு வருது மச்சான், மாத்தணும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஓடுகிற பெட்டிக்கு எதற்குப் பேட்டரி? கரண்டில்தானே ஓடுகிறது? நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் தொழிலில் அது பெரிய நாள். மாப்பிள்ளை முதல் நாளே குடும்பத்தோடு கோவில்பட்டிக்குப் போய்விட்டார், அவர் அப்பா வீட்டில் பூஜை. பூஜைக்கு நிற்காமல் போன ஆள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஒருவனாக எல்லாவற்றையும் துடைத்தேன். அச்சு இயந்திரம், வெட்டுகிற இயந்திரம், எல்லாம். கம்ப்யூட்டர் என்று வந்தபோது பார்க்கிறேன், பெட்டியின் பக்கவாட்டில் மார்க்கர் பேனாவில் யாரோ கிறுக்கி வைத்திருக்கிறார்கள். சரஸ்வதி மேல் கிறுக்குவானா ஒருத்தன்? மண்ணெண்ணெய் தொட்டு அரை மணி நேரம் தேய்த்தேன். சுலபத்தில் போகவில்லை. போக்கினேன். அந்த இடத்திலேயே சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்தேன். மாலை போட்டேன். புதுப் பெண் மாதிரி இருந்தது என் பெட்டி.

இரண்டு நாள் தொடவில்லை. தொடக் கூடாது.

விஜயதசமிக்கு மறுநாள் திறந்தேன். எழுந்திருக்கவில்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, ஏதோ கேட்கிறது. பக்கத்து டைப்பிங் சென்டர் யோவானைக் கூப்பிட்டேன். அவன் வந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, பேட்டரி போயிருச்சு. இதுக்கு எல்லாம் மறந்துபோச்சு. உள்ள எப்பேர்ப்பட்ட டிஸ்க் இருக்குன்னே இதுக்குத் தெரியல. நாமதான் சொல்லணும்" என்றான்.

"சொல்லேன்."

"மூணு எண் சொல்லணும். சிலிண்டர் எத்தனை, ஹெட் எத்தனை, செக்டர் எத்தனை."

சிலிண்டர் எனக்குத் தெரியாதா, தம்பி? நான் அச்சுக்காரன். எங்கள் ஆப்செட்டில் மூன்று சிலிண்டர். மூன்று என்று போடச் சொன்னேன். யோவான் என் முகத்தைப் பார்த்தான். சரி அண்ணாச்சி என்று போட்டான். ஒன்றும் வரவில்லை. பிறகு பெட்டியையே கண்டுபிடிக்கச் சொல்லி ஒரு பொத்தானை அமுக்கினான். அது தானாக மூன்று எண்ணைப் போட்டுக்கொண்டது. ஃபிளாப்பியைச் செருகி எழுப்பினான். சி வந்தது. நொண்டியடித்துக்கொண்டு வந்தது. டி வரவில்லை.

"மாப்பிள்ளை வேற கணக்கு வெச்சிருந்திருக்கார் அண்ணாச்சி. பெட்டி வேற கணக்குல எண்ணுது. இதுல கை வெக்காதீங்க. அவர் வரட்டும்."

"அவர் எதுக்குய்யா வரணும்? பெட்டி யார் பெட்டி?"

"உங்க பெட்டி."

"டி இல்லேன்னா புதுசா ஒரு டி போடு."

"அண்ணாச்சி..."

"போடுய்யா. என் பெட்டி, நான் சொல்றேன்."

போட்டான். கடைசியில் திரையில் ஒரு கேள்வி வந்தது. டி-யில் இருப்பதெல்லாம் போய்விடும், சரியா என்று கேட்கிறது, 'ஒய்' அல்லது 'என்' அமுக்க வேண்டும் என்றான். சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். பயந்த பயல். ஒய் என்றால் ஆமாம், அந்த அளவுக்கு இங்கிலீஷ் எனக்கும் தெரியும். நானே அமுக்கினேன்.

டி வந்தது, தம்பி! வந்தது! ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை. முருகன் இல்லை, மயில் இல்லை, ஜனவரி இல்லை. துடைத்த பலகை.

இப்போது நீங்களே சொல்லுங்கள். டி வரவே இல்லை என்றால் பெட்டியின் கோளாறு எனலாம். டி வந்துவிட்டது. உள்ளே இருந்தது மட்டும் இல்லை. அப்படியென்றால் யாரோ முன்னாலேயே எடுத்திருக்க வேண்டும் அல்லவா? கடைசியாக அதில் கை வைத்தவர் யார்? பூஜைக்குக்கூட நிற்காமல் ஊருக்குப் போனவர் யார்? யோவானிடம் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பாருங்கள், அவனாலேயே மறுக்க முடியவில்லை.

மறுநாள் மாப்பிள்ளை வந்தார். முதலில் பெட்டியைத்தான் பார்த்தார். பக்கவாட்டில் குனிந்தார். சந்தனத்தை ஒரு விரலால் தொட்டார்.

"மச்சான், இதைத் துடைச்சீங்களா?"

"பின்னே, துடைக்காமலா பூசை போடுவாங்க?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். நீண்ட பார்வை. மாட்டிக்கொண்ட ஆள்தான் அப்படிப் பார்ப்பான். கடையில் நாலு பேர் நின்றார்கள். ஸ்டூலில் உட்கார்ந்தார். "எண்ணு எனக்கு மனப்பாடம் இல்லையே மச்சான்" என்றார். கேட்டீர்களா? தினம் புழங்குகிற எண், மனப்பாடம் இல்லையாம். எனக்கு என் முதல் சைக்கிளின் பூட்டு எண் இன்னும் தெரியும்.

"டிஸ்க்கைக் கழட்டிக் கொடுங்க. நாலஞ்சு கணக்கு போட்டுப் பாக்கிறேன். உள்ளதான் இருக்கும்" என்றார்.

கொடுப்பேனா? தடயத்தை யாராவது திருடன் கையில் கொடுப்பார்களா? நானே கழற்றினேன். பழைய வேட்டியில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டினேன். அதற்குப் பிறகு யாரையும் தொட விடவில்லை. ராசகனி அழுதுகொண்டு வந்தாள். "ஒரே ஒரு நாள் குடுண்ணே, அவர் ராத்திரியெல்லாம் உக்காந்து கணக்குப் போட்டு வெச்சிருக்கார்." கணக்குப் போடுகிறவர்தான், எனக்குத் தெரியாதா? கதவைச் சாத்தினேன்.

அந்த வருஷம் என் காலண்டர் வரவில்லை. தீபாவளிக்குள் தாள் அச்சுக்குப் போக வேண்டும், போகவில்லை. பழைய வாடிக்கைக்காரர்கள் எல்லாம் வேறு அச்சகத்துக்குப் போனார்கள். நான் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன், மாப்பிள்ளை டிசைனை விற்றுவிட்டார் என்று. ஊரே நம்பியது. மாப்பிள்ளை மறுத்துப் பேசவே இல்லை. குடும்பத்தோடு கோவில்பட்டிக்குப் போய்ச் சின்னதாக ஒரு கடை போட்டார். இரண்டு வருஷம் கழித்து அவர் போட்ட காலண்டர் ஒன்று என் கைக்கு வந்தது. அதே முருகன்! அதே மயில்! வரைந்தது அவர்தானே என்றான் யோவான். வரைந்தது யார் என்பதா பேச்சு? பெட்டி யார் பெட்டி?

மணிவிழாப் பத்திரிகை வந்ததும் முடிவு செய்தேன். போகிறேன். ஆனால் வெறுங்கையோடு இல்லை. மதுரையில் ஒரு கடை இருக்கிறதாம், செத்த டிஸ்க்கைப் பேச வைக்கிறார்களாம். அங்கே போய், இவர் என்றைக்கு எடுத்தார், எப்படி எடுத்தார் என்று தெரிந்துகொண்டு, நேராக மணமேடைக்குப் போவது. சொந்தக்காரர்கள் எல்லாரும் இருப்பார்கள். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கும்போது டிஸ்க்கை முன்னால் வைத்துக் கேட்பது. அதற்குத்தான் மதுரைக்கு வந்தேன்.

கடையில் ஒரு பெண் பிள்ளை, ரெஹானா என்று பேர். முக்காடு போட்டுக்கொண்டு, மூன்று திரையைப் பார்த்து வேலை செய்கிறாள். டிஸ்க்கை வாங்கி ஏதோ வயர் மாட்டினாள். நேற்று கொடுத்தேன், இன்று காலையில் வரச் சொன்னாள். போனேன். திரையைத் திருப்பிக் காட்டினாள்.

முருகன் சிரித்துக்கொண்டிருந்தார், தம்பி.

எல்லாம் இருக்கிறது. ஜனவரி ஒன்று, வெள்ளிக்கிழமை. மயில், பொன்மொழி, எல்லாம். அங்கங்கே சில நாட்கள் மட்டும் இல்லையாம். புதிதாகப் போட்ட டி அழித்தது அவ்வளவுதானாம்.

"யாரும் எதையும் எடுக்கல ஐயா" என்றாள். "இருந்த இடத்துலயே இருந்திருக்கு."

எனக்கு விளங்கவில்லை. அவள் விளக்கினாள். கெட்டிக்காரி. நான் அச்சுக்காரன் என்று தெரிந்ததும் அச்சிலேயே கேட்டாள். தினத்தாள் காலண்டருக்கு ஒரு பெரிய தாளில் தேதிகளை வரிசை வரிசையாக அடிப்போம். அடுக்கி, வெட்டி, தேதி வரிசைப்படி கூட்டுவோம். வரிசைக்கு எட்டா பத்தா என்று வெட்டிக் கூட்டுகிறவனுக்குத் தெரிய வேண்டும். எட்டு இருக்கிற தாளைப் பத்து என்று நினைத்துக் கூட்டினால் பொங்கலுக்குப் பக்கத்தில் ஆடிப்பெருக்கு வரும். டிஸ்க்கும் அப்படித்தானாம். யோவான் கேட்ட அந்த மூன்று எண்தான்: எத்தனை வளையம், எத்தனை தலை, வளையத்துக்கு எத்தனை துண்டு. டிஸ்க்கின் முதல் துண்டில் சின்னதாக ஓர் அட்டவணை இருக்குமாம்: சி இங்கே, டி இங்கே என்று. அட்டவணை சரியாகத்தான் இருந்ததாம். ஆனால் பேட்டரி செத்த பெட்டி வேறு எண்ணிக்கையில் எண்ணிக்கொண்டு போய், டி இருக்கிற வீட்டைத் தாண்டி வேறு தெருவில் நின்று கதவைத் தட்டியிருக்கிறது. அப்புறம் அங்கேயே புது டி-யைக் கட்டிவிட்டார்களாம்.

"தாள்ல தப்பு இல்ல, அச்சுல தப்பு இல்ல. எண்ணினவர் மாத்தி எண்ணிட்டு, இருக்கிறதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா அடின்னு சொல்லிட்டார். உங்க அச்சகத்துல ஒருத்தர் இப்படிச் செஞ்சா என்ன செய்வீங்க ஐயா?"

"கையை ஒடிச்சு அடுப்புல வெப்பேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். "வேண்டாம் ஐயா, பாவம்" என்றாள். யாருக்கு இரக்கப்பட்டாளோ.

இன்னொன்றும் சொன்னாள், அது எனக்குப் பிடித்தது. அந்தக் காலத்துப் பெட்டியில் திறந்ததும் முதலில் விழிப்பது பயாஸ் என்று ஒன்று. வாட்ச்மேன் மாதிரி. அவனுக்குப் பெரிய எண் புரியாது. அதனால் டிஸ்க்குக்குள் இல்லாத தலைகளை இருப்பதாக ஒரு பொய்க் கணக்குப் பேசி வைத்துக்கொள்வார்களாம். "எந்தப் பொய்யா இருந்தாலும் பரவால்ல ஐயா. எழுதுறப்ப சொன்ன பொய்யையே படிக்கிறப்பவும் சொல்லணும். மாத்தினாத்தான் வம்பு." அது உண்மை, தம்பி. சொன்ன சொல் மாறக் கூடாது. நான் இருபத்தெட்டு வருஷமாக ஒரே வார்த்தையைத்தான் சொல்லிவருகிறேன்.

இப்போது வருகிற கம்ப்யூட்டருக்கெல்லாம் இந்தத் தொந்தரவே இல்லையாம். முதல் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரை ஒன்று, இரண்டு, மூன்று என்று நேராக எண்ணிவிடுமாம். நல்லது. குடும்பம் பிரியாது.

"நல்லவேளை, இத்தனை வருஷம் இதுல யாரையும் எதையும் எழுத விடாம வெச்சிருந்தீங்க. அதனாலதான் பொழச்சுது" என்றாள். பார்த்தீர்களா? காப்பாற்றியது யார்? நான். மாப்பிள்ளை கையில் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வரும்போது, "ஐயா, கெழமையெல்லாம் ரெண்டாயிரத்து இருபத்தேழுக்கு அப்படியே பொருந்தும். அடுத்த வருஷத்துக்கு இதையே அடிச்சிரலாம்" என்றாள் விளையாட்டாக. கிழமை பொருந்தும், திதி பொருந்துமா? நல்ல நேரம் பொருந்துமா? அதை யார் திருப்பித் தருவது?

ஆக, அவர் திருடவில்லை. சரி. ஒப்புக்கொள்கிறேன். நான் நியாயஸ்தன். ஆனால் அதனால் அவர் யோக்கியன் ஆகிவிடுவாரா? மணமேடையில் கேட்கத்தான் போகிறேன், கேள்வியை மட்டும் மாற்றிக் கேட்கப் போகிறேன். "ஏன் மாப்பிள்ளை, மூணே மூணு எண்ணு. அதை என் கண்ணுல படுற மாதிரி எங்கயாவது எழுதி வெச்சிருந்தா உங்க கை தேஞ்சா போயிருக்கும்?" இதற்கு அவர் பதில் சொல்லட்டும். எத்தனை பட்டம் வாங்கியிருந்தாலும் இதற்குப் பதில் கிடையாது.

என்ன கேட்டீர்கள்?

எந்தக் கிறுக்கல்? ஓ, பெட்டியின் பக்கவாட்டில் இருந்ததா. அதை எதற்குக் கேட்கிறீர்கள்? மார்க்கர் மை. கறுப்பு. பெரிது பெரிதாக. என்ன எழுதியிருந்தது என்றால், கிறுக்கல்தான். எண் மாதிரி இருந்தது. மேலே ஒன்று. அதற்குக் கீழே ஒன்று. அதற்குக் கீழே...

பாத்திரக் கடைக்காரன்கூடத்தான் பானையில் எண் எழுதுகிறான். எண் என்றால் எல்லா எண்ணும் ஒன்றா?

அப்படிப் பார்க்காதீர்கள், தம்பி.

கொஞ்சம் தண்ணீர் இருக்குமா? நன்றி.

சாத்தூர் எப்போது போனது? வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டு ஏறுவார்களே, யாரும் ஏறவில்லையே. இல்லை, ஏறினார்களா? நான் கவனிக்கவில்லை. வயதாகிவிட்டது. கவனிக்காதது எவ்வளவோ போகிறது. இல்லை, ஒன்றும் இல்லை. புழுக்கமாக இருக்கிறது, ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறங்கள்.

அந்தப் புடவை அரக்கு நிறம். ராசகனிக்கு அரக்குதான் பிடிக்கும். இப்போதும் அதுதான் பிடிக்குமா தெரியவில்லை.

இதுவா கோவில்பட்டி? இவ்வளவு பெரிதாகிவிட்டதா? ஐயோ, அதோ டீக்கடை ஓரத்தில் நிற்கிறாரே, தலை முழுக்க வெள்ளை. அவரேதான். நாளைக்கு மாப்பிள்ளைக் கோலத்தில் உட்கார வேண்டியவர், இன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் வந்து எனக்காக நிற்கிறார். தங்கச்சி அனுப்பியிருப்பாள். ஒவ்வொரு ஜன்னலாகப் பார்க்கிறார் பாருங்கள். பார்த்துவிட்டார். கையை ஆட்டுகிறார். சிரிக்க வேறு செய்கிறார். இத்தனைக்கும் பிறகு எப்படித்தான் சிரிக்க முடிகிறதோ அந்த மனுஷனால்.

கொஞ்சம் காலை ஒதுக்குங்கள். புடவைப் பை இருக்கிறது, செருப்பு இருக்கிறது. போதும். வருகிறேன், தம்பி. நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.

என்ன? மஞ்சள் பையா? சீட்டுக்கு அடியிலா?

மெதுவாகப் பேசுங்கள், அவர் காதில் விழப்போகிறது. அது என் பை இல்லை.